என் மகள் சுமார்தான் என்று சொன்னேன்

சனிக்கிழமை காலையில் ஆரஞ்சுப் பழம் நறுக்குவது நியூசிலாந்து எனக்குத் தந்திருக்கும் கூடுதல் உத்தியோகம். பிள்ளைகளின் கால்பந்து ஆட்டத்துக்கு இடைவேளைப் பழம் கொண்டுபோவது பெற்றோர் பொறுப்பு. நம் பிள்ளைகளைத் தோற்கடித்துக்கொண்டிருக்கும் எதிரணிக்கும் தட்டை நீட்ட வேண்டும். ஜூன் மாதச் சாரலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவன், அதே ஜூனில் இங்கே கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு கைதட்டுகிறேன். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாத ஒன்று என் மகள் ஆன்சிக்கு வினையாகிவிட்டது.

ஆன்சிக்குப் பதின்மூன்று வயது. போன மாதம் பயிற்சி முடிந்ததும் அவளுடைய கோச், ஓர் இளம்பெண், என்னிடம் வந்தாள். "உங்கள் மகளை மேல் அணியில் சேர்க்க நினைக்கிறேன். அவளால் முடியுமா, என்ன நினைக்கிறீர்கள்?" எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாயோ தன் பழக்கத்துக்குப் பேசியது. "அய்யோ, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. சுமார்தான். ஓட்டமும் மெதுவு." நான் மனம்திறந்து சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு அவள் போனாள். பக்கத்தில் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்த ஆன்சி தலை நிமிரவில்லை. அடுத்த வாரம் அறிவித்த மேல் அணியில் அவள் பெயர் இல்லை.

பெற்ற பிள்ளையைப் பிறர் முன்னால் புகழ்கிற தகப்பனை நான் என் சொந்த ஊரான இராஜாக்கமங்கலத்தில் கண்டதில்லை. கண்ணு பட்டுவிடும். கண்ணேறு கழிப்பதெல்லாம் கூடாது என்று சர்ச்சில் சொல்வார்கள். கேட்டுவிட்டு வந்து அம்மா எங்களுக்கு உப்பு சுற்றிப்போடுவாள். பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் என்னை வாலிபால் அணிக்குக் கேட்டு வந்தபோது அப்பா சொன்னார்: "அவன் திங்கதுக்குக் கொள்ளாம், சாரே. வேற ஒண்ணுக்கும் ஆவாது." வாத்தியார் சிரித்துக்கொண்டே ஜெர்சியை என் கையில் கொடுத்தார். அப்பா எவ்வளவு பூரித்துப்போயிருக்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

கோச்சைத் தேடிப் போய் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "அப்படியானால் அன்று பொய் சொன்னீர்களா?" என்றாள். பொய்யில்லை, எங்கள் ஊர் வழக்கம் என்றேன். அணி முடிவாகிவிட்டது, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. சொன்னதை அப்படியே நம்புகிறவர்களோடு எப்படித்தான் காலம் தள்ளுவது?

திரும்பும்போது காரில் ஆன்சி கேட்டாள். "அப்பா, நான் மெல்லத்தான் ஓடுகேனா?"

"இல்ல மக்களே."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நம்ம ஊர்ல அப்படித்தான் சொல்லணும்."

"நான் இங்கல்லா ஆடுகேன்."

நேற்று, தன் பழைய அணியில் ஆடிய ஆன்சி கோல் அடித்தாள். பக்கத்தில் நின்ற ஒருவர், "உங்கள் மகள் பிரமாதம்" என்றார். "ஆமாம், மிக நன்றாக ஆடுகிறாள்" என்று அவள் காதில் விழும்படி உரக்கச் சொன்னேன். திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. காரில் ஏறியதும், "இப்ப சொன்னது நெசமாப்பா, அன்னைக்குச் சொன்னது நெசமா?" என்றாள். இதுதான் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் வாயாலேயே புகழ்ந்துவிட்டேன். அவளுக்குக் கை கால் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன்? சுற்றிப்போட அவள் நிற்க மாட்டாள். மிளகாயை அடுப்பில் போட்டால் புகை எச்சரிக்கை மணி அலறி ஊரைக் கூட்டிவிடும். அவள் குளிக்கப் போன நேரத்தில் ஒரு பிடி உப்பை எடுத்து, வாசலில் சேறு காயக் கிடந்த அவளுடைய பூட்ஸைச் சுற்றினேன். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு என்று அம்மா முணுமுணுப்பதையே முணுமுணுத்தேன். கடைசியில், அப்பன் கண்ணு என்று நானாகச் சேர்த்துக்கொண்டு, குழாயைத் திறந்து உப்பைக் கரையவிட்டேன்.