பெரியம்மாவுக்கு ஒரு பூச்சி

பழைய பல் பிரஷ்ஷால் ஒரு பாட்டில் மூடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார் அவர். பெரியம்மா தண்ணீர் குடிக்கிற மூடி அது. பெரியம்மா செத்து நாலு நாளாகிறது. இருந்தும் காலையில் கை தானாக அதை எடுத்துவிடுகிறது.

பெரியம்மா என்பது மகள் வளர்த்த டரான்டுலா சிலந்தி. பொட்டு அளவுக் குஞ்சாக வந்தபோது அது 'ஸ்லிங்'. உள்ளங்கை அளவு வளர்ந்ததும், ஒரே இடத்தில் உட்கார்ந்து எல்லாரையும் முறைப்பதால் பெரியம்மா. "எங்க அக்காவைத்தானே சொல்ற?" என்று மனைவி மகளிடம் சண்டைக்கு வந்து பார்த்தாள், பெயர் நிலைத்துவிட்டது. கூடவே சிலந்தி வளர்ப்பவர்களின் பேச்சும் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. முன்னங்காலைத் தூக்கி மிரட்டினால் 'போஸ்'. அவர் கையை ஆட்டிக் கத்தும்போதெல்லாம் "அப்பா போஸ் குடுக்கறார்" என்பாள் மகள். தோல் உரிப்பதற்கு முன் தின்னாமல் அசையாமல் கிடந்தால் 'கல்லு'. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரும் கல்லு.

மகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூன்று வாரப் பயிற்சிக்கு வெளியூர் போகும்போது சிலந்திப் பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனாள்: 'கல்லா இருந்தா பூச்சி போடாதீங்கப்பா.' அவர் முப்பது வருஷமாகக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டிப் பொருத்துகிறவர். மயிரிழை பிசகினாலும் விடமாட்டார். அந்தச் சீட்டையும் தினம் படித்தார். ஆனால் பதினோரு நாளாக ஒரு ஜீவன் பட்டினி கிடக்க, அவருக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. பூச்சி டப்பாவைத் திறந்து ஒரே ஒரு சுவர்க்கோழியை உள்ளே விட்டார்.

மறுநாள் காலை பெரியம்மா மல்லாந்து கிடந்தது. அவர் பதறவில்லை. மல்லாந்தால் தோல் உரிக்கிறது, கால்களை அடியில் மடக்கிக்கொண்டால்தான் ஆபத்து என்பதெல்லாம் அத்துப்படி. கடையில் பெருமையாகச் சொல்லவும் செய்தார். உள்ளே விட்ட பூச்சி மட்டும் நினைவுக்கு வரவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால், பழைய தோல் முழு உருவமாக ஒரு பக்கம். புதிதாக வெளிவந்த வெளுத்த, மெத்தென்ற உடம்பு இன்னொரு பக்கம். அதன் வயிற்றைச் சுவர்க்கோழி கொறித்துக்கொண்டிருந்தது.

உடம்பை ரோஜாத் தொட்டியில் புதைத்தார். தோலை எடுக்க மனம் வரவில்லை. அன்று போனில் மகள் "எப்படி இருக்கா?" என்று கேட்டபோது, "கல்லாத்தான் இருக்கும்மா" என்றார்.

இப்போது வாசல் கதவு திறந்தது. தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல் மகள் பெட்டியருகே வந்து உட்கார்ந்தாள்.

"உரிச்சிட்டாளாப்பா? சொல்லவே இல்ல." முகம் மலர்ந்திருந்தது. "வளைக்குள்ள போயிட்டா போல. பல்லு கெட்டியாகப் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் எட்டிப் பாக்க வேணாம்."

பத்து நாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூடியிலிருந்த தண்ணீர் அவர் விரலில் வழிந்தது.

"வளைக்குள்ள இல்லம்மா. நான் பூச்சி போட்டுட்டேன்."

மகள் சீட்டைப் பார்த்தாள். பிறகு அவரை.

"ஒண்ணுதான்" என்றார்.

"எப்போப்பா?"

"செவ்வாய்க்கிழமை போட்டேன். புதன்கிழமை... எல்லாம் முடிஞ்சு போச்சு."

"புதன்கிழமைதானே நான் போன்ல கேட்டேன்."

அவர் தலையாட்டினார். மகள் பெட்டியைத் திறந்து, ஒரு காலும் ஒடியாமல் தோலை எடுத்தாள்.

"இன்னொரு குஞ்சு வாங்கிடலாமா? அந்தப் பொட்டு அளவுலயே. இந்தத் தடவை நான்..." என்று ஆரம்பித்தார் அவர்.

தோலை உள்ளங்கையில் ஏந்தியபடி, அவர் பக்கம் திரும்பாமல், மகள் அறையை விட்டுப் போனாள்.