மேற்குக் கோட்டின் சுண்ணாம்பு

ஜெபதுரைக்கு வலக்கண்ணில் மட்டுமே பார்வை உண்டு. இடக்கண்ணை இருபத்திரண்டாம் வயதில் இழந்தார். ஒரு பஞ்சாலையின் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடிப்பதற்காகச் சுண்ணாம்பை நீற்றிக்கொண்டிருந்தார். தண்ணீரை ஊற்றிவிட்டுத் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். கொதித்த குழம்பிலிருந்து ஒரு துளி மேலே தெறித்தது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும் அவர் தொழிலை மாற்றிக்கொள்ளவில்லை. முப்பத்தோர் ஆண்டுகளாகச் சேத்தூரிலிருந்து மடவார் வளாகம் வரை சுவர்களுக்கும், தேவாலயங்களுக்கும், சாலையோரப் புளியமரங்களின் அடிப்பகுதிகளுக்கும் வெள்ளையடித்துக்கொண்டே இருக்கிறார்.

ரக்பி என்ற சொல்லை ஐம்பது வயதுக்கு மேல்தான் அவர் கேட்டார். தளவாய்புரத்துத் தையல்கூடம் ஒன்றில் துணி வெட்டும் வேலை பார்த்த ஜெர்வின் என்ற இளைஞன், ஆலைத் தொழிலாளர்களையும் கடைப்பையன்களையும் சேர்த்து ஒரு ரக்பி சங்கத்தைத் தொடங்கியிருந்தான். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, ஓடைக்கரையில் கிடந்த கரிசல் பொட்டல் ஒன்றை ஊராட்சி அவர்களுக்கு விளையாடக் கொடுத்திருந்தது. அங்கே கோடு போட்டுத் தரச் சொல்லி அவன் ஜெபதுரையை அழைத்துவந்தான். அவர் சற்று நேரம் ஆட்டத்தைப் பார்த்தார்.

“என்னலே ஆட்டம் இது? பந்தப் பச்சப்பிள்ளையத் தூக்குத மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓடுதான். பொறத்தால வாரவன் காலக் கட்டிப்புடிச்சு விழத் தட்டுதான்.”

“அதான் அண்ணாச்சி ஆட்டமே. நீங்க கோடு போட்டுத் தாங்க, போதும். நேரா வரணும், பாத்துக்கோங்க.”

“நேர் பாக்கணும்னா எல்லாவனும் ஒரு கண்ண மூடணும்லே. எனக்கு அந்த வேல மிச்சம்.”

பையன்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாள் வேலை முடிந்து திரும்பும்போது, தாம் போட்ட கோடு எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சைக்கிளை நிறுத்தினார். பிறகு அவர் நிறுத்தாத நாள்கள் குறைவு. அவருக்கும் மனைவி பரிபூரணத்துக்கும் பிள்ளைகள் இல்லை. வெள்ளையடிக்கப் போகும் வீடுகளில் அவர் ‘சுண்ணாம்புக்காரர்’. பொட்டலில் முப்பது பேருக்கு ‘அண்ணாச்சி’. சாமான் அறையின் சாவியைச் சங்கத்தார் அவரிடம் கொடுத்தார்கள். அதை அவர் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

அந்த ஆண்டு சங்கம் முதன்முறையாக லீக்கில் சேர்ந்திருந்தது. சொந்த மைதானத்தில் இரண்டு போட்டிகளை நடத்த வேண்டும். முதற்போட்டியன்று ஆம்புலன்ஸ் வந்துசேரவில்லை. ஆம்புலன்ஸ் நிற்காத மைதானத்தில் ஆடக் கூடாதென்பது விதி. ஆடாமலேயே தோல்வி எழுதப்பட்டது. இரண்டாவதையும் நடத்த முடியாமற்போனால் சங்கத்தின் பெயர் நீக்கப்படும் என்று லீக்கிலிருந்து கடிதம் வந்தது. பெயர் போனால் பொட்டலும் போய்விடும். லீக்கில் இருக்கும்வரைதான் இடம் என்று ஊராட்சி முன்பே சொல்லியிருந்தது. ஜெர்வின் அந்தக் கடிதத்தை உரக்கப் படித்தபோது ஜெபதுரை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

இரண்டாம் போட்டி ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பிற்பகல் மூன்று மணிக்கு என முடிவாயிற்று. பிழை நேர்ந்தது அதற்கு முந்தின நாளில்.

வழக்கமாக ஜெபதுரை, ஒரு வாரத்துக்கு முன்பே நீற்றி ஆறவைத்த சுண்ணாம்பைக் கரைத்து, போட்டி நாளின் காலையில் கோடு போடுவார். ஞாயிற்றுக்கிழமை அவர் எந்த வேலையையும் தொடமாட்டார், ஆராதனைக்குப் போவார். ஆகவே சனிக்கிழமை மாலையிலேயே கோட்டை முடித்துவிட நினைத்தார். ஆறவைத்த சுண்ணாம்போ முந்தின நாள் ஒரு பள்ளிச் சுவரோடு தீர்ந்திருந்தது. கொட்டகையில் பொங்கலிலிருந்து வாய் திறந்தபடி கிடந்த, நீற்றாத பொடிச் சுண்ணாம்பு மூட்டை ஒன்று இருந்தது. ஆறு மாதக் காற்றுப் பட்ட சுண்ணாம்பு தானாகவே நீறிப்போயிருக்கும் என்பது வெள்ளையடிப்பவர்கள் எல்லாரும் அறிந்தது. அதைச் சோதிக்கும் முறையும் அவர்களுக்கு ஒன்றுதான். மூட்டையின் மேலிருந்து ஒரு பிடி எடுத்து, ஈரக்கையில் வைத்து மூடினார்; நீறாததென்றால் சுடும். குளிர்ச்சியாகவே இருந்தது. அந்த நம்பிக்கையில் உலர்ந்த பொடியையே கிழக்கிலிருந்து மேற்காகத் தூவிக்கொண்டு போனார். மூட்டையின் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை இருந்ததையும், அடியிலிருந்த பொடிக்குக் காற்றே படவில்லை என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. மூட்டையின் அடிப்பகுதி முழுவதும் மேற்குப் பக்கத்துக் கோடுகளுக்குப் போயிற்று.

ஞாயிறு முற்பகல், ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது மலைப்பக்கமிருந்து சாரல் அடித்தது.

ஒரு மணிக்கு ஜெபதுரையும் பரிபூரணமும் சாப்பாட்டு அண்டாக்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். வந்த அணிக்கு உணவளிக்காமல் அனுப்புவதில்லை என்பது இந்த ஆட்டத்தின் வழக்கம்; அதற்காகப் பரிபூரணம் விடியற்காலையில் எழுந்து நாற்பது பேருக்கு எலுமிச்சம்பழச் சாதம் கிளறி, முட்டை அவித்திருந்தார்.

“இந்தா பாருங்க, அங்கன என்ன பொகையுது? எவனும் குப்பைய எரிச்சிட்டானா?”

ஜெபதுரை மேற்கே பார்த்தார். கோட்டிலிருந்து வெண்மையாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்க் குனிந்து விரலை வைத்தார். சுரீர் என்றது. வேட்டியில் துடைத்துவிட்டு இன்னும் பத்தடி தள்ளி வைத்தார். அங்கும் சுட்டது.

ரக்பியில் புள்ளி பெறுவதற்கு, பந்தை எதிரணிப் பக்கத்து ட்ரை கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் அழுத்த வேண்டும். அதற்கு ட்ரை என்று பெயர். அழுத்துகிறவன் பெரும்பாலும் முகங்குப்புறத்தான் விழுவான்; துரத்தி வந்தவர்கள் அவன்மீது விழுவார்கள். முகம் போய்ப் படுகிற இடம் அந்தக் கோடு. ஜெபதுரைக்கு இதைச் சொல்ல வேறு யாரும் தேவையில்லை.

அவர் சாமான் அறையைத் திறந்தார். உள்ளே மூன்று மண்வெட்டிகளே இருந்தன. ஒன்றை எடுத்துவந்து கோட்டைச் சுரண்டத் தொடங்கினார். சாரலில் நனைந்த கரிசல் மண் இரும்பில் அப்பிக்கொண்டது. நான்கு வெட்டுக்கு ஒருமுறை குச்சியால் வழித்துப் போட வேண்டியிருந்தது. அதைவிடக் கொடுமை ஒன்று அடியில் இருந்தது. கோடையில் கரிசல் விரற்கடை அகலத்துக்கு வெடித்திருந்தது. தூவிய பொடி அந்த வெடிப்புகளுக்குள் இறங்கியிருந்தது. மேலே சுரண்டச் சுரண்ட உள்ளிருந்து வெள்ளை புதிதாகத் தெரிந்தது.

அப்போது ஜெர்வின் வந்தான்.

“என்ன அண்ணாச்சி, போட்ட கோட்ட நீங்களே அழிக்கீய?”

அவர் சொன்னார். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், ஒன்றரை.

“சரி, கோட்ட அஞ்சு மீட்டர் உள்ள தள்ளிப் போட்டிருவோம்.”

“பழைய கோடு எங்கலே போவும்? தாண்டி விழுறவன் அதுல போயித்தான விழுவான்? இந்தப் பக்கம் ஓடை, அந்தப் பக்கம் ரோடு. இம்புட்டு இடந்தான் நமக்கு.”

ஜெர்வின் கைக்கடிகாரத்தை மறுபடி பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“மேல மண்ணத் தூவி மூடிருவோம் அண்ணாச்சி. எண்பது நிமிசந்தான். நம்ம பயலுவட்ட மட்டும் சொல்லிருவோம், அந்தப் பக்கம் குப்புற விழாதீயன்னு.”

“அவிய பயலுவ?”

ஜெர்வின் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அண்டாவருகே நின்ற பரிபூரணம்தான் சொன்னார்: “ஏலே ஜெர்வினு, மண்ணத் தூவுனபொறவு நான் முதல்ல மூஞ்சிய வச்சுக் காட்டட்டா? சுடலைன்னா நீங்க விளையாடுங்க.”

“நீங்க சும்மா இருங்க அக்கா! இன்னைக்கு விட்டா எல்லாம் போச்சு. ரெண்டு வருசமா நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து விழுந்து எந்திரிச்சிருக்கானுவ. அவனுவளுக்கு நான் என்ன சொல்ல?”

“நான் சொல்லுதேன்,” என்றார் ஜெபதுரை.

இரண்டு மணிக்கு எதிரணி வேனில் வந்து இறங்கியது; இம்முறை ஆம்புலன்ஸும் வந்து நின்றது. அவர்களோடு நடுவர் கனகலட்சுமியும் வந்தார்; மதுரைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. ஜெபதுரை மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவரிடம் நேராகப் போனார். ஜெர்வின் பின்னால் ஓடிவந்து அவருடைய தோளைப் பிடித்தான். அவர் அதை உதறவில்லை, நிற்கவும் இல்லை.

“அம்மா, மேற்குக் கோட்டுல கிடக்கிறது நீற்றாத சுண்ணாம்பு. போட்டது நான்தான். இந்தப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியாது.”

கனகலட்சுமி போய்ப் பார்த்தார். குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தவர் உடனே கையை உதறினார்.

“மூணு மணிக்கு ஆட்டம். விதிப்படி அரை மணி நேரம் கூடுதலா தரலாம். மூன்றரைக்கு நான் கையை வச்சுப் பார்ப்பேன். அதுக்குள்ள சுத்தமாகணும். அதுக்கு மேல என்னால ஒரு நிமிஷமும் தர முடியாது, ஐயா.”

ஒன்றரை மணி நேரம் இருந்தது. மூன்று மண்வெட்டிகளையும் முப்பது பேரும் மாற்றி மாற்றி வாங்கினார்கள். ஒருவன் மோட்டார் சைக்கிளில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய் இன்னும் இரண்டு கொண்டுவந்தான். வெறுங்கையால் ஒருவரும் தொடக் கூடாதென்று ஜெபதுரை கத்திக்கொண்டே இருந்தார். கேட்காமல் வெடிப்புக்குள் விரலை விட்ட பாண்டி என்ற பையன் அலறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். வந்த அணியின் தலைவன் லிங்கேஸ்வரன் ஓரமாக நின்று பார்த்தான். பிறகு பூட்ஸைக் கழற்றாமலேயே வந்து, ஒரு மண்வெட்டியை வாங்கி, பத்து நிமிடம் வெட்டினான். அவனுடைய அணியினர் கூப்பிட்டதும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஓடை மணலை அள்ளி வெட்டிய பள்ளத்தில் நிரப்பினார்கள். ட்ரை கோடு ஏறத்தாழ முடிந்தது. அதற்குப் பின்னால், மைதானம் முடியும் இடத்திலிருந்த கடைசிக் கோட்டில் பாதி கிடந்தது. மணி மூன்றேகால். ஜெபதுரை எழுந்து நிற்காமல் முழங்காலிலேயே நகர்ந்து நகர்ந்து வெட்டினார். வேட்டி முழுவதும் சேறு. வியர்வை கண்ணுக்குள் வழிந்தபோது, சுண்ணாம்பு பட்ட கையால் துடைத்துவிடக் கூடாதென்று தலையை மட்டும் குலுக்கினார். ஒன்றும் தெரியாமல் மண்வெட்டியை ஓங்கினார். பக்கத்தில் நின்ற பையன் விலகிக்கொண்டான்.

“கர்த்தாவே, கால்மணி நேரம்,” என்று அவர் முணுமுணுத்தது பரிபூரணத்துக்குக் கேட்டது.

மூன்றரைக்குக் கனகலட்சுமி வந்தார். பாட்டிலிலிருந்த தண்ணீரால் உள்ளங்கையை நனைத்துக்கொண்டு, நிரப்பிய மணலை ஒதுக்கிவிட்டு, வெடிப்பொன்றின் ஓரத்து மண்ணை அள்ளிக் கையை மூடினார். எல்லாரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவரால் பத்து எண்ணும் நேரம்கூட வைத்திருக்க முடியவில்லை. இன்னோரிடத்தில் பார்த்தார். அங்கும் அப்படியே.

“மன்னிச்சிருங்க,” என்றார். படிவத்தை எடுத்துத் தொடையில் வைத்து எழுதினார், ஜெர்வினிடம் நீட்டினார். அவன் கையெழுத்திட்டான்.

சாப்பாடு பரிமாறப்பட்டது. வந்தவர்கள் குனிந்த தலையோடு சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறினார்கள். ஊர்ப் பையன்களில் பாதிப்பேர் சாப்பிடவில்லை. வேன் கிளம்பியதும் ஜெர்வின் ஜெபதுரையிடம் வந்தான்.

“சொல்லாம இருந்திருந்தா ஒருத்தனும் விழாமக்கூட இருந்திருக்கலாம் அண்ணாச்சி.”

“இருந்திருக்கலாம்லே.”

“உங்க ஒரு கண்ணு போனது பத்தாதுன்னு எங்க எல்லாரையும் சேத்துக் குருடாக்கிட்டீய.”

பரிபூரணம் கரண்டியோடு முன்னால் வந்தார். ஜெபதுரை கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ஜெர்வினுக்கே தான் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“சாவியக் குடுத்திருங்க. நாளைக்கு ஊராட்சியில ஒப்படைக்கணும்.”

ஜெபதுரை அரைஞாண் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். விரல்கள் வெந்து தோலுரிந்திருந்தன, முடிச்சு அசையவில்லை. பரிபூரணம் குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தார். சாவியை வாங்கிக்கொண்ட ஜெர்வின் அவர் விரல்களை ஒருமுறை பார்த்தான். பிறகு மோட்டார் சைக்கிளை நோக்கிப் போனான். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். தோட்டத்து மண்வெட்டிகள் இரண்டும் ஓரத்தில் கிடந்தன.

“வாங்க, வீட்டுக்குப் போவோம். கைக்கு எண்ணெய் போடணும்,” என்றார் பரிபூரணம்.

“கடைசிக் கோடு பாதி கிடக்கு.”

“இனி எவன் இங்க விளையாடப் போறான்?”

“எவனும் விளையாட மாட்டான். பக்கத்து ஊரு ஆடுக விடியக்காலம் இங்கனதான் வரும், பின்னாலயே ரெண்டு பிள்ளைக செருப்பில்லாம வரும்.”

அவர் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேற்கே நடந்தார். பரிபூரணம் அவர் போவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்டாவை மூடிவைத்துவிட்டு, வெட்டிப் போடும் மண்ணை அள்ளுவதற்காக வெறுஞ்சாக்கு ஒன்றைத் தேடி எடுத்து, அவர் பக்கத்தில் போய் அதன் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.