மூன்று விரல் தூரம்

நம்பாவிட்டாலும் பரவாயில்லை. அந்த ஞாயிறு பிற்பகலின் பதிவு இன்னும் என் கணினியில் இருக்கிறது.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் முன்சுவரில் அறுபத்து நான்கு ஆன்டெனாக்கள். எதிரே, என் மடியில் ஒரு சிறு கருவி. அறைக்குள் ஆள் நடந்தால் அலைகள் கலையும். அந்த மாற்றத்தை இரு முனைகளும் அளந்து, செய்திகளைப் பூட்ட உதவும் ஒரே ரகசிய எண்சாவியை உருவாக்கிக்கொள்ளும். ஒட்டுக்கேட்பவருக்கு அது கிடைக்காது என்று நிரூபிக்க, மூன்றாவது கருவி ஒன்றைப் பின்சுவரோரம் ஸ்டூலில் வைப்போம். என் கருவிக்கு மூன்று விரல் தூரத்துக்குள் வந்தால் மட்டுமே அதற்கும் அதே சாவி கிடைக்கும்.

மறுநாள் காலை ஒன்பதுக்குள் ஆய்வுத் தலைவரான சாரிடம் நூறு சாவிகளைக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தவணை கேட்டாயிற்று. தவறினால் வேலை போய்விடும். அம்மாவும் தம்பியும் இந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்கள். என் காலிலோ மாவுக்கட்டு. வழக்கமாக அறைக்குள் நடந்து தரும் ஆய்வுக்கூட உதவியாளர் அக்காவை போனில் கூப்பிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை கூடவாடி? நாற்காலிய நடக்கச் சொல்லு" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

3.40. திரையில் கோடு நேராகக் கிடந்தது. சாவி பூஜ்யம்.

3.55. கையை ஆட்டிப் பார்த்தேன். போதவில்லை. பூஜ்யம்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். காலி அறையிடம் கெஞ்சினேன்.

"யாராச்சும் நடங்களேன்... ப்ளீஸ்."

4.05. கோடு அசைந்தது.

ஒன்று. இரண்டு... ஏழு.

காலடிச் சத்தம் இல்லை. ஆனால் அசைவு எங்கே என்று ஆன்டெனாக்கள் காட்டின. பின்சுவர். அறையின் நடு. பிறகு... என் நாற்காலி.

திரும்பியிருக்கலாம். நூறு ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

நாற்பது...

இடது கை சில்லிட்டது.

எண்பது...

கண்ணை மூடிக்கொண்டேன்.

4.12. நூறு.

கோடு நேரானது. திரும்பினேன். மூன்றாவது கருவி ஸ்டூலில், வைத்த இடத்திலேயே இருந்தது.

திங்கள் காலை ஒன்பது மணி. சார் மூன்று கருவிகளின் பதிவுகளையும் ஒப்பிட்டார். மறுபடியும் ஒப்பிட்டார்.

"எட்டுலருந்து நூறு வரைக்கும், அப்படியே மூணாவது கருவியிலயும் இருக்கு. இதெல்லாம் செல்லாதும்மா."

அவ்வளவுதான், என் வேலை போயிற்று. ஊன்றுகோலை எடுத்தேன். கதவருகே போனபோது அவர் கேட்டார்.

"ஆமா... உன்மேல ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தது யாரு?"