சேக்காட்டுக் கோமளாவும் சபீனாவின் புல்லட்டும்

சம்பந்தத்துக்கு வண்டி ஓட்ட வராது. சைக்கிளே தகராறு. பூந்தமல்லியில் ஓர் அரிசி மண்டியில் எடை போடுகிற வேலைக்குக் கல்யாணமான நாளிலிருந்து பஸ்ஸில்தான் போய்வந்தார். இருந்தும் சேக்காட்டில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு மனைவி புல்லட் ஓட்ட, காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போகிற மனிதர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். அவருக்கு அதில் ஒரு குறைச்சலும் தெரியவில்லை.

மனைவி கோமளா, ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்தாள். பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேயே, குவார்ட்டர்ஸில். மெஷின் மக்கர் பண்ணினால் மெக்கானிக் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் ஆள் இல்லை. வீட்டில் ஃபேன், மிக்ஸி, மோட்டார் எதுவானாலும் அவள் கைதான். சம்பந்தம் டார்ச் பிடிப்பார்.

புல்லட் அவளிடம் வந்தது சபீனா அக்காவால். தொழிற்சாலையில் பக்கத்து மெஷின் அவருடையது. கணவர் அப்துல் ரசாக் உயிரோடு இருந்தவரை அந்த வண்டியில்தான் சபீனாவை வேலைக்குக் கொண்டுவந்து விடுவார். அவர் போனபிறகு வண்டி ஷெட்டிலேயே நின்றுவிட்டது. எலிகள் புகுந்து வயரையெல்லாம் கடித்துக் குதறிவிட்டன. காயலான் கடைக்காரர் விலை பேச வந்த அன்று சபீனா கோமளாவைக் கூப்பிட்டார்.

"எடைக்குப் போட மனசு வரலை கோமளா. நீ எடுத்துக்கினு போய் ஓட்டு. ஒண்ணே ஒண்ணு, நான் ரிட்டையர் ஆவுற அன்னிக்கு என்னை இதுல ஊட்டுல கொண்டுபோய் விட்டுடு. மாலைய போட்டுக் கார்ல ஏத்துவாங்களே, அது எனக்கு வேணாம்."

"இதானா? வுடு அக்கா, நானாச்சு" என்றாள் கோமளா.

அந்த மழைக்காலம் முழுக்க ஞாயிறுதோறும் வீட்டு முன்னால் வயர் வேலைதான். கடித்துப்போட்ட வயரை ஒரேயடியாகப் பிடுங்கி எறியவில்லை அவள். தையலைப் பிரிப்பதுபோல ஒவ்வொன்றாக உருவி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, அதே நிறத்தில் புது வயர் வாங்கி ஓட்டினாள். தன் யோசனையாக ஒன்றும் சேர்த்தாள். பழைய வண்டியில் கால் பிரேக்கை மிதித்தால்தான் பின்னால் பிரேக் விளக்கு எரியும். சி.டி.எச். ரோட்டில் பின்னால் வருகிற லாரிக்காரனுக்குக் கைபிரேக் பிடித்தாலும் தெரிய வேண்டும் அல்லவா? கைபிரேக் கேபிளின் நடுவே ஒரு சின்ன சுவிட்சைப் பொருத்தினாள். கேபிள் இழுபட்டால் விளக்கு எரியும்.

முதல் உதையில் புல்லட் உயிர் பெற்றபோது தெருவே வாசலுக்கு வந்தது. சம்பந்தம் கைதட்டினார்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. இரண்டு ராத்திரி வீட்டில் நின்றால் பேட்டரி இறங்கிவிடும். கிக்கரை உதைத்து உதைத்துக் கோமளாவுக்கு முழங்கால் வீங்கியது. புது பேட்டரி போட்டாள், அதுவும் இறங்கியது. எங்கேயோ கரண்ட் கசிகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. சாவியை அணைத்து, பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, நடுவே மீட்டரை வைத்துப் பார்த்தாள். பூஜ்யம். அடுத்த ஞாயிறும் பார்த்தாள். பூஜ்யம்தான்.

நடுவில், பருவம் தப்பிப் பெய்த ஒரு பெருமழையில் வீட்டு வாசலில் தண்ணீர் ஏறியது. மேட்டில் இருக்கும் சம்பந்தத்தின் சிநேகிதர் லட்சுமணன் வீட்டு போர்டிகோவில் வண்டியை விட்டார்கள். தண்ணீர் வடிய நாலைந்து நாள் ஆயிற்று. திரும்பப் போய் உதைத்தால் ஒரே உதையில் படபடவென்று ஸ்டார்ட் ஆனது.

லட்சுமணனுக்கு ஒரே குஷி. "மாமே, வண்டில ஒண்ணுமில்ல. உங்க ஊட்டு வாஸ்துதான் சரியில்ல."

சம்பந்தத்துக்கே அரைமனதாக அப்படித்தான் தோன்றியது. சபீனா ஓய்வுபெற இன்னும் சில நாள்தான் பாக்கி. "ஏம்மா, ஒரு நல்ல எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டிடலாமே" என்றார் தயங்கியபடி.

"காட்டலாம். ஆனா அவன் பாக்கறப்பவும் பூஜ்யம்தானே வரும்?" கோமளா வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க இறங்கல, இங்க இறங்குது. வண்டி ஒண்ணுதான், பேட்டரியும் ஒண்ணுதான். அப்போ இங்க நாம இன்னாவோ வேற மாதிரி பண்றோம். மீட்டர புடிங்க. ராத்திரி நிறுத்துறாப்ல அப்படியே நிறுத்திப் பாக்கறேன்."

பட்டப்பகலில், சமையல்கூட ஆகாத ஞாயிற்றுக்கிழமையில், அவள் ராத்திரி செய்கிற ஒவ்வொன்றையும் செய்தாள். வண்டியைப் பின்னுக்குத் தள்ளி, பின்பக்கம் சுவரை ஒட்டி நிற்கும்படி ஸ்டாண்டு போட்டாள். சாவியை அணைத்தாள். மீட்டரை மாட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னா காட்டுது?"

"பூஜ்யம்."

ஹேண்டிலை இடதுபக்கம் முழுக்கத் திருப்பிப் பூட்டினாள்.

"கோமளா! ஏறிடுச்சு! நம்பர் ஏறிடுச்சு!"

அவள் பூட்டைத் திறந்து ஹேண்டிலை நேராக்கினாள். பூஜ்யம். மறுபடி பூட்டினாள். எண் ஏறியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோமளா குனிந்து, வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் தலையை விட்டாள். பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஹேண்டில் இடதுபக்கம் முழுக்கத் திரும்பும்போது பிரேக் கேபிள் விறைத்து, அவள் பொருத்திய சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. சாவியை அணைத்தாலும் அந்த விளக்குக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் போகிறது. ராத்திரி முழுக்கச் சுவரைப் பார்த்து எரிகிற விளக்கு, வண்டிமேல் தினமும் போர்த்துகிற தார்பாயால் யார் கண்ணுக்கும் படவில்லை. லட்சுமணன் வீட்டில் அவர்கள் தங்கள் வண்டியை எடுக்க இதைத் தள்ளவேண்டி வரும் என்று ஹேண்டிலைப் பூட்டாமல் விட்டிருந்தாள்.

"அடச்சீ" என்று கோமளா தரையில் உட்கார்ந்தாள். "நான் சேர்த்ததுதான் இத்தனையும் பண்ணிக்கீது."

அவள் முகம் வாடிவிடுமோ என்று சம்பந்தம் பயந்தார். அவளோ சிரிக்க ஆரம்பித்தாள். அவருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டால் வேலை முடிந்தது; அவர் அதைத்தான் சொன்னார். அவள் கேட்கவில்லை. லாரிக்காரனுக்குத் தெரிய வேண்டாமா? கேபிளை வேறு வழியாக வளைத்து, எந்தப் பக்கம் திருப்பினாலும் விறைக்காதபடி கட்டினாள். விளக்குக்கான கரண்டைச் சாவி வழியாக வரும்படி மாற்றினாள்; சாவியை அணைத்தால் விளக்கும் அணைந்துவிடும். அதற்குப்பின் பேட்டரி இறங்கவே இல்லை.

மாசக் கடைசியில் சபீனா மாலையும் கழுத்துமாகத் தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். பரிசுப் பைகளைத் தூக்கிக்கொண்டு சம்பந்தம் ஆட்டோவில் முன்னால் கிளம்பினார். அயனம்பாக்கத்தில் சபீனாவின் மகன் வீட்டு வாசலில் அவர் காத்திருக்க ஆரம்பித்துத் தேநீர் இரண்டு முறை வந்துவிட்டது. புல்லட்டைக் காணோம். வழியில் நின்றுவிட்டதோ என்று தெருமுனைவரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

கடைசியில் சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு தெருமுனையில் வண்டி திரும்பியது. மாலையில் பாதிப் பூ இல்லை. சபீனாவின் முக்காடு தோளுக்கு நழுவியிருந்தது. எழுபது வயது ஆனவர் போலக் காலையில் நடந்தவர், பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எங்கம்மா போயிட்டீங்க?" என்று மகன் பதறினான்.

"ஏரியைச் சுத்தினு வந்தோம்" என்றார் சபீனா. "நான்தான் சொன்னேன். அவளைத் திட்டாதே."

கோமளா இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிச் சம்பந்தத்திடம் நீட்டினாள். நெற்றியெல்லாம் வியர்வை. "பசிக்குதுங்க" என்றாள். உள்ளே பிரியாணிச் சட்டியைத் திறக்கும் வாசனை வந்தது. சம்பந்தம் ஹெல்மெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அங்கே நின்றிருந்தவர்களிடம், யாரும் கேட்காமலே, "வயரிங் முழுக்க இவங்களே பண்ணதுங்க" என்று சொன்னார்.