கானாவின் கடைசியில் இருந்த பெயர்

அந்த லாரி ஓட்டுநரின் பெயரை அழித்தவன் நான்.

ஓய்வுபெற்ற பின் கணினியில் ஒலிப்பதிவுகளைத் திருத்தக் கற்றிருந்தேன். திருவொற்றியூரில் ஒரு சாவு வீட்டில் பாடிய கானாவின் பதிவைச் சுத்தம் செய்யச் சொல்லி எங்கள் தெருக்காரர்கள் கொடுத்தார்கள். பாட்டு முடிந்தபின் பாடகர் யார் யாருடைய பெயரையோ கூவிக்கொண்டிருந்தார். வெறும் கூச்சல் என்று நினைத்து, அந்த இடத்தில் ஒலியைப் படிப்படியாகத் தேயவைத்து அடக்கினேன். அசல் பதிவையும் அழித்துவிட்டேன்.

பதிவைக் கொடுத்த மறுநாள் அந்த ஓட்டுநர் வந்தார். ஜன்னல் பக்கம் இருக்கும் வலது கை மட்டும் வெயிலில் கருத்திருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காராமல் சாவியைச் சுழற்றிக்கொண்டே நின்றார். வெளியே அவருடைய கன்டெய்னர் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"செத்தவன் என் தோஸ்து சார். துறைமுகம் கேட்டாண்ட வண்டி மாட்டிக்கினு நான் வர முடியல. என் பேரையாச்சும் கூப்ட சொல்லியிருந்தேன். அது எங்க கீது?"

வர முடியாதவரைக் கானாவில் பெயர் சொல்லி அழைத்தால் அவர் வந்ததாகவே அர்த்தம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பாடகரைத் தேடிப் பிடித்து, அந்தப் பெயரை மறுபடி கூப்பிட வைத்து, பதிவில் பொருத்திக் கொடுத்தேன். ஓட்டுநர் ஒருமுறை கேட்டார்.

"நல்லாதான் கீது. ஆனா அன்னிக்கி அவன் அங்க படுத்துகினு இருந்தான். இப்ப யாருக்கு கேக்கும் சார்?"

குரலில் கோபமே இல்லை. நான் முதலில் திருத்திய, பெயர் தேய்ந்துபோன பதிவையே கேட்டு வாங்கிப் போனார்.

சென்ற வாரம் எண்ணூர் சாலையில் லாரிகள் வரிசையாக நின்றன. ஒன்றில் அவர் அந்தக் கானாவைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு தேயும் இடம் வந்ததும் ஒலியை முழுதும் ஏற்றி, ஸ்பீக்கரில் காதை வைத்தார். அங்கே ஏதாவது மிச்சம் வைத்தேனா என்று எனக்கே நினைவில்லை. முன்னால் நின்ற வண்டி நகர்ந்துவிட்டது, பின்னால் ஹாரன்கள் அலறின. அவர் நிமிரவில்லை.