தீக்காய வார்டின் வரவு செலவு

1. சேர்ந்த நாள்

ஐம்பதுகளின் கடைசியில், சிவகாசியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய தரும ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். அதற்கு முன் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியின் பொறுப்பில் இருந்த மதர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். இந்த வேலைக்குக் கிறிஸ்தவர் யாரும் கிடைக்கவில்லையா என்று தயங்கிக் கேட்டேன். அவர் நேராகவே சொன்னார்: "நம்ம ஆளுகளைப் போட்டா, பூசை முடிஞ்சு வெளிய வரயிலே முன்பணம் கேப்பாக பாய். நீங்க அங்கன வர மாட்டீக."

மொத்தம் இருபது கட்டில். அதில் பன்னிரண்டு தீக்காயத்துக்கு. சிகிச்சை இலவசம். சபையின் தலைமை இல்லம் ஐரோப்பாவில் இருந்தது. அங்கிருந்து வருடத்துக்கு ஒரு தொகையும் மாதத்துக்கு ஒரு கடிதமும் வரும். தொகை பஞ்சுக்கும் துணிக்கும் காணாது. கடிதம் சொந்தக் காலில் நிற்பதன் மேன்மையைப் பற்றி இருக்கும். ஒரு வருடம் தொகையோடு நாற்பது கம்பளிப் போர்வைகளும் வந்தன. சித்திரை மாதம், தோல் வெந்து கிடந்தவர்களுக்கு. நன்றி சொல்லிப் பதில் எழுதினோம்.

மீதிச் செலவு உள்ளூர் நன்கொடையில் ஓடியது. கொடுத்தவர்கள் பெரும்பாலும் பட்டாசு முதலாளிகள்.

2. விபத்து இல்லாத வருடம்

ஆறு மாதம் கழித்து நன்கொடைப் புத்தகத்தையும் அட்மிஷன் ரிஜிஸ்டரையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். எங்காவது வெடித்தால் அந்த வாரமே அரிசி மூட்டை வரும், ரூபாய் வரும். வெடித்த கம்பெனிக்காரர் கொடுப்பார். வெடிக்காத கம்பெனிக்காரர்களும், இன்னும் வெடிக்கவில்லை என்ற நன்றியில் கொடுப்பார்கள். ஒரு மாதம் போனால் எல்லாம் வற்றிவிடும். அடுத்த விபத்து வரை நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு இருப்போம்.

மறு வருடம் தீபாவளி சீசன் வரை பெரிய விபத்து எதுவும் இல்லை. ஊரே நிம்மதியாக இருந்தது. எங்கள் கல்லா காலி. நர்ஸுகளுக்குப் பாதிச் சம்பளம், எனக்கு மூன்று மாதமாக ஒன்றும் இல்லை. விருதுநகர் மருந்துக்கடைக்காரர் பழைய பாக்கியைக் கட்டாமல் இனி பாட்டில் தர முடியாது என்று சொல்லிவிட்டார். மதர் நிலைமையை விளக்கித் தலைமை இல்லத்துக்கு எழுதினார். பதில் வந்தது. செலவு வெகுவாகக் குறைந்திருப்பதால் நிதி நிலை ஆரோக்கியமாக இருப்பதாகத் தெரிகிறது, பாராட்டுகள் என்று இருந்தது.

அன்று மதர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "காலையிலே கோயில்ல முழங்கால் போட்டு, எங்கயும் வெடிக்கக் கூடாதுன்னு செபிக்கேன். பத்து மணிக்கு உங்க பேரேட்டைப் பாக்கேன். ஆண்டவர் நம்ம எந்தத் தேவையைக் கேக்கணும்னு எனக்கே தெரியலை பாய்."

நான் பேரேட்டை மூடி வைத்தேன்.

3. கூட்டாஞ்சோறு

தீபாவளி சீசன் நெருங்கியபோது, விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் ரூம் வெடித்தது. மூன்று பெண்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். மாரியம்மாள் என்பவருக்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்திருந்தது.

சாயங்காலமே முதலாளி காரில் வந்தார். மரியாதையான மனிதர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். ஐயாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். ஒரு வருடச் செலவு. ரிஜிஸ்டரில் மட்டும் அடுப்புத் தீ என்று எழுதிவிட வேண்டும். கம்பெனி விபத்து என்று எழுதினால் லைசென்ஸ் போய்விடும், அந்தப் பெண்களுக்கு நஷ்டஈடும் கொடுக்க வேண்டிவரும்.

மதர் கேட்டார்: "மூணு பேரும் மூணு தெரு, முதலாளி. ஒரே அடுப்புலயா வெந்தாக?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கூட்டாஞ்சோறு ஆக்குனாகன்னு போட்டுக்கிடுங்க மதர்."

மறுநாள் பதில் சொல்வதாக மதர் அனுப்பி வைத்தார். மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் யோசனை கேட்டார். கோயில் மணிக்கூண்டுக்குச் சிமெண்ட் தருவதாக அந்த முதலாளி ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தார். சாமியார் விவேகம் என்ற புண்ணியத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். என்னையும் மதர் கேட்டார். வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நான் சொன்னேன். அந்தப் பணத்தில் எத்தனையோ பேரைக் காப்பாற்றலாம் என்று காரணமும் சொன்னேன். என் மூன்று மாதச் சம்பளத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

கடைசியில் மதர் மாரியம்மாளிடமே போனார். நானும் கூடப் போனேன். மாரியம்மாள் மெல்லப் பேசினார். "ஆஸ்பத்திரிக்குப் பணம் வருமுன்னா அடுப்புன்னே எழுதுங்க மதர். ஆனா எங்க தெருவுல ஒருத்தரும் நம்ப மாட்டாக. எங்க வீட்டுல ரெண்டு நாளா அடுப்பே பத்தவைக்கலை."

மதர் டம்ளரை எடுத்து அவருக்குத் தண்ணீர் புகட்டினார்.

மறுநாள் முதலாளி மஞ்சள் பையில் பணத்தோடு வந்தார். மதர் அவரை உட்கார வைத்து, மோர் கொடுக்கச் சொல்லி, ரசீது போடும்படி என்னைப் பார்த்தார். நான் பெயரையும் தொகையையும் எழுதினேன். 'வகை' என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். மதர் நிதானமாகச் சொல்லச் சொல்ல எழுதினேன்: மேற்படியாருடைய கம்பெனியில் வியாழக்கிழமை மருந்து வெடித்துத் தீக்காயம் பட்ட மாரியம்மாள் உள்ளிட்ட மூவரின் சிகிச்சைக்காக.

முதலாளி ரசீதை இரண்டு தரம் படித்தார். "நன்கொடைன்னு போட்டாப் போதுமே மதர்."

"வெளிநாட்டுல ஆடிட்டு ரொம்பக் கண்டிப்பு முதலாளி. எதுக்கு வந்த பணம்னு இல்லாட்டி ஒத்துக்கிட மாட்டாக."

அவர் ரசீதை மேசையில் வைத்தார். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டார். மோரை மட்டும் முழுவதும் குடித்துவிட்டுப் போனார். ரிஜிஸ்டரில் வெடி விபத்து என்று என் கையாலேயே எழுதினேன்.

4. அதன் பிறகு

ஆஸ்பத்திரியை மூட வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஆனால் ஒரு வாரத்துக்குள் திருத்தங்கலில் இருந்து இன்னொரு முதலாளி ஆயிரம் ரூபாய் அனுப்பினார். வியாபாரத்தில் முதலாமவருக்கு நேர் போட்டி. கன்னியாஸ்திரிகளின் உண்மைக்கும் துணிவுக்கும் தலை வணங்குவதாக எழுதியிருந்தார். முதலாமவருடைய சீசன் ஆர்டர்களில் பாதி அப்போது இவருக்கு வந்திருந்தது. இவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் உண்மைக்குத் தலை வணங்கினார்கள். மருந்துக்கடைப் பாக்கி தீர்ந்தது, என் சம்பளமும் வந்தது.

ரிஜிஸ்டரை வைத்துப் போட்ட வழக்கு இழுத்து இழுத்து ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மூன்று பெண்களுக்கும் நஷ்டஈடு கிடைத்தது. கேட்டதில் பாதிதான். மாரியம்மாளின் வலது கை கடைசி வரை மடங்கவில்லை.

அந்த வருடக் கணக்கு போனதும் தலைமை இல்லத்தில் இருந்து விளக்கம் கேட்டார்கள், ஐயாயிரம் ரூபாயை வேண்டாம் என்றது என்ன நிர்வாகம் என்று. பங்குச் சாமியார்தான் தெரிவித்திருக்க வேண்டும். எதற்கு என்று எழுதியதும் கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொண்டார் என்று மதர் ஒரே வரியில் பதில் எழுதினார். அடுத்த மாதம் அவரை மலைப்பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். வழியனுப்ப நானும் இரண்டு நர்ஸுகளும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம்.

தரும ஸ்தாபனங்களில் கணக்கு எழுத வருகிற இளையவர்களுக்கு, முப்பது வருடம் எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பணம் வந்தால் யார், எவ்வளவு என்பதோடு நிற்காதீர்கள். எதற்கு என்பதை, கொடுப்பவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே எழுதி, அவரையே படிக்கச் சொல்லுங்கள். சில பணம் திரும்பிப் போகும். அந்த மாதம் உங்கள் சம்பளமும் நிற்கலாம். இருந்தாலும் எழுதுங்கள்.