இடது கையில் இரண்டு மை

ஜெராக்ஸ் கடை என்று போர்டு மாட்டினால், நகல் எடுக்க வருகிறவர்களைவிட "இதுல என்னங்க எழுதோணும்?" என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

தாலுகா ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் எங்கள் கடை. பாதிக் கடையில் நான், என் இடுப்பில் பாப்பா, பக்கத்தில் மெஷின். மறுபாதியில் ஜாப் டைப்பிங் சரசக்கா. பொங்கலூர்ப் பக்கம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்தவள் நான். படிவம் படிக்க என்னைப் பழக்கியது பள்ளிக்கூடமல்ல, தேர்தல். எங்கள் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார். வீட்டு ஆண்களின் ஓட்டை எல்லையிலிருந்து ஊர் கொண்டுவந்து சேர்க்க அல்லாடிய அக்கா தங்கச்சிகளே, இனி நான் சொல்லப்போவது உங்கள் வீட்டுக் கூத்தும்தான்.

எண்ணி முடித்த பின் வந்த கவர்

பட்டாளத்துக்காரர் பெயர் வாக்காளர் பட்டியலின் கடைசிப் பகுதியில் தனியாக இருக்கும். லீவில் ஊரில் இருந்தாலும் பூத்தில் போய்ப் போட முடியாது. ஓட்டுச் சீட்டு தபாலில் போகும், தபாலிலேயே திரும்பும். யார் யார் நிற்கிறார்கள் என்று முடிவான பிறகுதான் சீட்டையே அச்சடிப்பார்கள். அது எங்கள் வீட்டுக்காரர் காவல் நிற்கும் பனிமலை ஏறி அவர் கைக்குப் போய், மறுபடி இறங்கி, எண்ண ஆரம்பிப்பதற்குள் இங்கே வந்தாக வேண்டும்.

பட்டாளத்தில் சேர்ந்து பல வருஷம் அவர் ஓட்டு ஒருதரம்கூட எண்ணிக்கைக்கு வந்து சேரவில்லை. ஒரு தேர்தலில், அந்தத் தடவையாவது சேரும் என்று காத்திருந்தோம். முடிவெல்லாம் வந்த மறுநாள் போன் செய்தார். "சீட்டு இப்பத்தான் வந்துச்சு புள்ள. நம்ம தொகுதியில யாரு ஜெயிச்சாங்கன்னு நேத்தே ரேடியோவுல கேட்டுட்டேன். இப்ப நான் ஜெயிச்சவருக்குப் போடறதா, தோத்தவருக்குப் போடறதா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். போனை வைத்த பிறகு எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அடுத்த தேர்தலில் இந்த மனுஷன் ஓட்டு எண்ணிக்கைக்கு வராமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஏற்றுமதி முத்திரை

அடுத்த தேர்தலும் வந்தது. அவிநாசிப் பக்கத்துப் பட்டாளத்துத் தம்பி ஒருவர் தபால் ஓட்டோடு கடைக்கு வந்தார். லீவுக்குக் கிளம்பும் அன்று சீட்டு வந்ததாம், பெட்டியில் போட்டு எடுத்து வந்துவிட்டார். சின்னக் கவருக்குள் சீட்டு, பெரிய கவருக்குள் உறுதிமொழி, எல்லாம் கச்சிதம். அந்த உறுதிமொழியில் அவர் கையெழுத்துக்கு யூனிட் ஆபீசர் சாட்சி போட வேண்டும். இவரோ அண்ணன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்குப் போய், முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, ஊதா மையில் 'மேனேஜிங் பார்ட்னர்' என்று முத்திரையும் குத்தி வந்திருந்தார்!

"இது செல்லாதுங்க தம்பி, கவரைப் பிரிக்காமயே ஓரமா வெச்சிருவாங்க" என்றேன். நல்லவேளை, லீவு முடிய ஒரு நாள்தான் பாக்கி. உறுதிமொழிக்கு வேறு தாள் கேட்டு வாங்கி, ஆபீசர் முன்னால் கையெழுத்துப் போட்டு, அங்கிருந்தே உடனே அனுப்பச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் படியிறங்கியவர் திரும்பி நின்றார். "இந்த முத்திரைய நம்பி ஜெர்மனிக்காரன் கப்பல் கப்பலா பனியன் எடுக்கறானுங்க அக்கா. எம்பட ஒத்த ஓட்டுக்குப் பத்தாதுங்களா?"

எந்த ஊர்க் கணக்கு

துபாயில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் பையனுக்காக ஒரு அப்பா வந்தார். பட்டாளத்துக்காரருக்குத் தபாலில் போகிற மாதிரி அவனுக்கும் அனுப்ப ஒரு படிவம் வேண்டும் என்றார். வெளிநாட்டில் வேலைக்குப் போனவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. சரசக்காவிடம் போய் இன்னொரு தடவை கேட்டார். அவரும் அதையே சொன்னார்.

கொண்டுவந்த பாஸ்போர்ட் நகலை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "ஊர்த் திருவிழாவுக்கு வரி வாங்க மட்டும் அவன் பேரு நோட்டுல இருக்குதுங்க."

நானே செய்த தப்பு

எனக்கோ, அந்தப் பட்டாளத்துத் தம்பி வருவதற்கு முன்பே, ஓட்டுச் சீட்டு போய் வரும் வேலையே வேண்டாம் என்று ஒரு வழி கிடைத்திருந்தது. அவர் கடிதத்தில் எழுதியிருந்தார்: 'சட்டம் மாறியிருக்குதாம். எனக்குப் பதிலா ஊர்ல இருக்கற ஒருத்தர் பூத்துல போடலாமாம். உன் பேரைத்தான் எழுதியிருக்கேன்.' கூடவே படிவம். அவர் கையெழுத்து, ஆபீசர் கையெழுத்து, சீல் எல்லாம் இருந்தன. நான் நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டு, வேட்புமனு முடியும் நாளுக்குள் தேர்தல் அதிகாரி ஆபீசில் கொடுத்துவிட்டால் போதும்.

ஊருக்கே படிவம் நிரப்புகிறவள் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷத்தில் வீட்டிலேயே கையெழுத்தைப் போட்டுவிட்டேன். வேட்புமனுவுக்குக் கடைசி நாள், மதியம் நெருங்கும் நேரம், நோட்டரி முகம் சுளித்தார். "நான் பார்க்காம போட்டதுக்கு நான் எப்படிம்மா சாட்சி?" இன்னொரு படிவம் பனிமலையிலிருந்து வர வாரக்கணக்காகும். அதை அவரிடமே சொன்னேன். என்ன நினைத்தாரோ, பேனாவை நீட்டினார். பழையதை அடித்து, அவர் கண்முன்னே பக்கத்தில் மறுபடி போட்டேன். சாட்சி வைத்துச் சீல் குத்தினார். பாப்பாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஓடினேன், நேரத்துக்குக் கொடுத்தேன், வாங்கியதற்கு ரசீதும் பெற்றேன். அந்த ரசீதை எங்கள் மெஷினில் ஆறு நகல் எடுத்தேன்.

வீட்டில் மாமனார் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். அவருக்கு ஒரு கட்சி உண்டு, மகன் ஓட்டு தன் கைக்கு வரும் என்று நினைத்திருந்தார். சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்து சுவரிடம் சொன்னார்: "பெத்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன், ஓட்டு பொண்டாட்டி பேருக்குப் போகுது பாரு."

பூத்தில்

என் ஓட்டைப் போட்டேன், இடது ஆள்காட்டி விரலில் மை. உடனே மறுபடி மேசை முன்னால் போய் நின்றேன். கட்சி ஏஜென்ட் ஒருவர் துள்ளி எழுந்தார். "ஏனுங்க, இந்தம்மா இப்பத்தான போட்டுது! கள்ள ஓட்டுங்க!" வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. பாப்பா அழ ஆரம்பித்தது. நான் ஆறு நகலையும் எடுத்து மேசையில் பரப்பினேன்.

அதிகாரி அவற்றைத் தொடவே இல்லை. தன்னிடமிருந்த தனிப் பட்டியலை எடுத்து விரல் வைத்துத் தேடினார். ஒரு நிமிஷம், ஒரு யுகம். "பட்டாளத்துக்காரருக்குப் பதிலா இவங்க. சரியா இருக்கு" என்றார். ஏஜென்ட் அப்போதும் உட்காரவில்லை. வரிசையில் நின்ற மாமனார் சத்தம் போட்டார்: "அது எம் பையன் ஓட்டுங்க சாமி. அவம் பொண்டாட்டி போடட்டும், நீங்க உக்காருங்க!"

இந்தத் தடவை இடது கை நடுவிரலில் மை வைத்தார்கள். பதிலுக்குப் போடுகிறவர்களுக்கு அந்த விரலாம். அவர் சொன்ன சின்னத்தில் அவர் ஓட்டை அழுத்தினேன். என் ஓட்டை எதில் போட்டேன் என்று மாமனாரும் சரசக்காவும் இன்றுவரை கேட்கிறார்கள், சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் போன் வந்தது. ஓட்டு மெஷினில் எல்லா ஓட்டோடும் அவர் ஓட்டும் இருக்கிறது என்றேன். அவர் சொன்னார்: "இத்தன வருஷத்துல என்னோடது ஒண்ணு எனக்கு முன்னாடியே ஊடு போய்ச் சேந்துருச்சு புள்ள."

அந்த மை அழியும்வரை கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் படிவத்தை இடது கையால்தான் நீட்டினேன். மரியாதைக் குறைவுதான், ஆனால் காட்ட வேண்டிய விரல் இரண்டும் அந்தக் கையில்தானே இருந்தன.